ஆறுதலாய்ப் போய்வாரும்

ஒக்டோபர் 28, திங்கள்

இவர் இன்று வேலைக்கு வெளிக்கிடும்போது மின் அடுப்பின் குமிழ்களைக் கழற்றித் தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

"கோவிக்காதையும் கஜானி. பிள்ளை இருக்கிற வீடெல்லோ" என்றார்.

நேற்று நான் அடுப்பை நூர்க்காமல் மேலே போய்விட்டேனாம். பருப்புச் சட்டியை இறக்கிவைத்து, குமிழைத் திருப்பி, சிவப்பு வெளிச்சம் போகும்வரை நின்று பார்த்ததாகத்தான் எனக்கு நினைப்பு. ஆனால் இவர் கீழே வந்தபோது அடுப்புத் தட்டு சிவந்து கிடந்ததாம். இவர் ஏன் பொய் சொல்லப் போகிறார்.

பகல் மகள் ஆரபிக்கு நேற்றைய சோற்றை மைக்ரோவேவில் சூடாக்கிக் கொடுத்தேன். எனக்குப் பாண். தேத்தண்ணிதான் சரிவரவில்லை. அதற்குக் கொதித்த தண்ணீர் வேண்டும். பரவாயில்லை. மூன்று வயதுப் பிள்ளை ஓடித்திரியும் வீட்டில் இவர் செய்தது சரிதான்.

முற்றத்துச் சருகுகளைக் கூட்டிப் பையில் கட்டினேன். பக்கத்து வீட்டு லோர்னா கை காட்டினார். பிலிப்பைன்ஸ்காரர், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். நானும் கை காட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். எங்கள் வாசல் மணியில் கமெரா இருக்கிறது. இவர் வேலைக் கந்தோரில் இருந்தபடியே போனில் பார்ப்பார். தேவையென்றால் அந்த மணிக்குள்ளால் கதைப்பார். அயலோடு கனக்கக் கதைப்பது இவருக்குப் பிடிக்காது. ரொறன்ரோவை விட்டு வடக்கே, தமிழர் அதிகமில்லாத பரி என்ற இந்த ஊரில் வீடு வாங்கியதே அமைதிக்காகத்தான் என்று சொல்வார்.

நவம்பர் 8, வெள்ளி

ஊரிலிருந்து அம்மா எடுத்தா. வழக்கம்போல இவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"மருந்து ஒழுங்காக் குடிக்கிறியோ பிள்ளை?" என்று அம்மா கேட்டா.

"என்ன மருந்து?"

"ஓம் மாமி, குடிக்கிறா. நான் பாத்துக் குடுக்கிறன்" என்று இவர் சொன்னார்.

"நீங்கள் இருக்கிறபடியால்தான் தம்பி நான் நித்திரை கொள்ளுறன். இவள் சின்னனிலையே கொஞ்சம் யோசிக்கிற பிள்ளை."

அம்மா வைத்த பிறகு, என்ன மருந்தென்று கேட்டேன். சத்து மாத்திரையைத்தான் சொல்கிறாவாம். நான் சத்து மாத்திரையும் குடிப்பதில்லை. அதைச் சொன்னேன். இவர் என் தோளில் கைவைத்து, "ஒவ்வொரு நாளும் குடிக்கிறீர் கஜானி" என்று மிகவும் இரக்கமாகச் சொன்னார்.

நவம்பர் 12, செவ்வாய்

நான் படியில் இறங்கி வரும்போது இவர் என் குளிர் அங்கிக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு கதவைப் பூட்ட வீட்டுத் திறப்பைக் காணவில்லை என்று தேடினோம். அது என் அங்கியின் பொக்கற்றுக்குள்தான் இருந்தது. நான் வைத்திருப்பேன்.

நவம்பர் 17, ஞாயிறு

மார்க்கம் நகரில் மாலினி மச்சாள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. இவருடைய அக்கா. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நாங்கள் போனதிலிருந்து ஆரபி அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

வந்திருந்த ஒரு பெண், ஊரில் என்ன செய்தனீங்கள் என்று என்னைக் கேட்டார். சாவகச்சேரியில் புவியியல் படிப்பித்தேன் என்றேன். மழைக்காற்று எந்தப் பக்கத்தால் வரும் என்று பிள்ளைகளுக்கு விளங்கவைக்க, மின்விசிறியையும் ஈரத் துவாயையும் வகுப்புக்குக் கொண்டுபோன கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் இப்படிக் கதைத்துக் கனகாலம்.

"உலகப் படம் முழுக்க அவவுக்குப் பாடம். வீட்டுத் திறப்பு எங்கையெண்டுதான் தெரியாது" என்று இவர் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காரில் வரும்போது இவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

இன்றைக்குத்தான் கதைத்தார். இந்த நாட்கள் முழுக்க ஆரபியிடம் மட்டும்தான் பேச்சு. "அம்மாட்டைச் சொல்லு, அப்பாக்குச் சாப்பாடு வேண்டாமாம்" என்பார், நான் பக்கத்தில் நிற்கும்போதே. பிள்ளை அதை ஒரு விளையாட்டென்று நினைத்து ஓடியோடி வந்து சொல்வாள்.

காலையில் நான் மன்னிப்புக் கேட்டேன்.

"என்னத்துக்கு?" என்றார்.

"அண்டைக்கு அங்கை கனக்கக் கதைச்சதுக்கு."

"அது மட்டுமோ?"

யோசித்தேன். "உங்களை விட்டிட்டு ஆக்களோடை சிரிச்சதுக்கு."

"வேறை?"

வேறு என்ன செய்தேன் என்று தெரியவில்லை. அம்மாவிடம் மருந்தைப் பற்றிக் கேட்டதற்கு என்றேன். அடுப்பை நூர்க்காமல் விட்டதற்கு என்றேன். பிறகு இவர் என் தலையைத் தடவி, "பாத்தீரே, உமக்கே தெரியுது" என்றார். நல்லவேளை முடிந்தது. இவர் நேரே கதைக்காமல் இருந்த நாட்களில் வீட்டுக்குள் என் காலடிச் சத்தம் எனக்கே கேட்கக் கூடாது போலிருந்தது.

டிசம்பர் 2, திங்கள்

டொக்டரிடம் கூட்டிப்போனார். லீவு போட்டு வந்திருந்தார்.

டொக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நித்திரை கொள்கிறீர்களா என்று கேட்டது எனக்கு நன்றாக விளங்கியது. "யெஸ், ஐ ஸ்லீப் வெல்" என்றேன். இவர் சிரித்துவிட்டு, வேகமாக ஏதோ சொன்னார். நான் வெட்கத்தால் அப்படிச் சொல்வதாகச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு டொக்டர் இவரைப் பார்த்தே கேட்டார். அடுப்பு, திறப்பு என்பதெல்லாம் விளங்கியது. ஆரபியின் பெயரும் வந்தது. பிள்ளைக்கு ஆபத்து என்ற மாதிரி இவர் ஒன்று சொன்னார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். டொக்டர் அதையும் பார்த்துக் கணினியில் ஏதோ எழுதினார்.

மாத்திரை தந்தார்கள். இப்போது அம்மா கேட்டால் பொய் சொல்லத் தேவையில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

பகல் முழுக்க நித்திரை வருகிறது. ஆரபியை வெள்ளிக்கிழமைகளில் மச்சாள் வந்து கூட்டிக்கொண்டு போகிறார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டுமாம்.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்றைக்கு நல்ல சந்தோஷம். இவர் என்னை ஊருக்கு அனுப்புகிறார். ஜனவரி பதினெட்டாம் திகதி விமானம். இங்கே வந்து நாலு வருஷம், கேட்கும்போதெல்லாம் பிறகு பார்ப்போம் என்றவர், இன்று தானாகவே சொன்னார்.

"ஒரு மூண்டு கிழமை அம்மாவோடை நிண்டு ஆறுதலாய்ப் போய்வாரும். உமக்கு அதுதான் மருந்து."

ஆரபியைக் கூட்டிப்போக வேண்டாமாம். அங்கே டெங்கு. பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் எனக்கு என்ன ஓய்வு என்று கேட்டார். அதுவும் உண்மைதான். மச்சாள் வைத்திருப்பார்.

அப்பாவுக்கு மூட்டு நோவுக்குத் தைலம் வாங்க வேண்டும். அப்பா போனில் கதைக்கமாட்டார், காது மந்தம். நேரில் போனால் பக்கத்தில் இருந்தாவது பார்க்கலாம்.

டிசம்பர் 29, ஞாயிறு

பெட்டியைப் பரப்பி வைத்திருக்கிறேன். என் நிரந்தர வதிவிட அட்டையைக் கேட்டேன், கடவுச்சீட்டோடு ஒன்றாக வைக்கலாம் என்று. அது இல்லாமல் திரும்பி வரும் விமானத்தில் ஏறவிட மாட்டார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"அது என்னட்டை இருக்கட்டும். நீர் துலைச்சுப்போடுவீர்" என்றார்.

"திரும்பி வரேக்கை?"

"வரேக்கை பாப்பம்."

நான் தொலைத்துவிடுவேன் என்பது சரிதான். ஆனாலும் எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் இவர் கதைக்காமல் விட்டுவிடுவார். போகிற நேரத்தில் அது வேண்டாம்.

ஜனவரி 5, ஞாயிறு

ஆரபி மச்சாள் வீட்டிலிருந்து வந்தாள். குளிக்க வார்க்கும்போது, "மாமி வீட்டிலை எனக்குப் புதுக் கட்டில். பிங்க். என்ரை ரூம்" என்றாள்.

மாமி பாவம், உனக்காக எவ்வளவு செய்கிறா என்றேன். தலை துவட்டினேன். சட்டை போட்டேன். மூன்று கிழமைக்கு எதற்குக் கட்டில்.

ஜனவரி 6, திங்கள்

மச்சாளுக்கு எடுத்தேன். மச்சாளோடு கதைப்பதற்கு இவர் ஒன்றும் சொல்வதில்லை.

"மச்சாள், ஆரபிக்குக் கட்டில் வாங்கினீங்களோ?"

"ஓம். பின்னை எத்தினை நாளைக்கு என்னோடை ஒட்டிக்கொண்டு படுக்கிறது? பள்ளிக்கூடத்துக்கும் இஞ்சை பதியோணும். இந்த மாதம் பதியினமாம்."

"அங்கை ஏன் பதியிறது? நான் மூண்டு கிழமையிலை வந்திடுவனே."

பின்னால் மச்சாள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடினார்.

"கஜானி, நீர் திரும்பி வாறீரோ?"

"வராமல்?"

"ஏலாதெண்டு நீர்தானே சொன்னனீர். இனி அம்மாவோடை இருக்கப்போறன், பிள்ளையை மச்சாள் வளக்கட்டும் எண்டு நீர் அழுததெண்டெல்லோ தம்பி சொன்னவன். திரும்பி வர ரிக்கற்றும் போடேல்லை எண்டவன்."

நான் அப்படிச் சொல்லியிருப்பேனோ என்றுதான் முதலில் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். மாத்திரை குடித்துவிட்டுச் சொல்லியிருப்பேனோ, மறந்திருப்பேனோ என்று. ஆரபி கீழே தரையில் இருந்து சாம்பல் நிறப் பென்சிலால் ஒரு யானை கீறிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன். இல்லை. இதை நான் சொல்லவில்லை. எதை மறந்தாலும் இதை நான் சொல்லியிருக்க மாட்டேன்.

"மச்சாள், நான் சொல்லேல்லை."

"நான் தம்பியைக் கேக்கோணும்."

"கேக்காதேங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். ஒரு கொஞ்ச நாள் பேசாமல் இருங்கோ."

அவர் அழத் தொடங்கினார். "இந்தப் பிள்ளை என்னோடையே இருந்திட வேணும் எண்டு நான் கடவுளிட்டைக் கேட்டனான் கஜானி. அது உண்மை. ஆனா உம்மட்டை இருந்து களவெடுத்துத் தரச்சொல்லிக் கேக்கேல்லை."

ஜனவரி 7, செவ்வாய்

இவர் வேலையால் வந்து குமிழ்களைத் தந்ததும் இடியப்பம் அவித்தேன். இவருக்குப் பிடித்த சொதி. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பினேன். மச்சாள் ஒன்றும் சொல்லவில்லைப் போலிருக்கிறது. இவர் நன்றாகச் சாப்பிட்டார்.

ஜனவரி 9, வியாழன்

பின்கதவால் போனேன். அங்கே கமெரா இல்லை. முழங்காலளவு பனி. ஆரபியைத் தூக்கிக்கொண்டு வேலிக் கதவைத் தள்ளி லோர்னாவின் குசினிக் கதவைத் தட்டினேன். அவருக்கு இன்று வேலை இல்லை.

ஆங்கிலத்தில் என்னவெல்லாமோ தயார் செய்திருந்தேன். வாயைத் திறந்தபோது ஒன்றுதான் வந்தது. என் புருஷன் வேண்டாம் என்றால் அரசாங்கம் என்னைத் திருப்பி அனுப்புமா?

லோர்னா கதிரையை இழுத்து என்னை இருத்தினார். ஆரபிக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். அடிக்கிறாரா என்று கேட்டார். ஒருநாளும் இல்லை என்றேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது, அடிக்காத மனிதனைப் பற்றி அயல்வீட்டில் வந்து சொல்வது. பிறகு அடுப்புக் குமிழைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து, அது போதும் என்றார்.

பெண்களுக்கு உதவும் ஓரிடத்துக்குத் தன் போனிலிருந்து எடுத்தார். அவர்கள் ஒரு தமிழ்ப் பெண்ணைப் போனில் சேர்த்தார்கள். பெயர் சொல்லவில்லை.

"நீங்கள் நிரந்தர வதிவிடம் கிடைச்ச ஆள்தானே? கலியாணம் முறிஞ்சாலும் அது போகாது அம்மா. அவர் நினைச்சு அதை எடுக்கேலாது."

"அவர் ஸ்பொன்சர் செய்தது. கான்சல் பண்ணினால் நான் போகவேணும் எண்டு எப்பவும் சொல்லுறவர்."

"அது பிழை. ஆரும் உங்களுக்கு இதைச் சொல்லேல்லையோ?"

யார் சொல்வது? இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் இவர்தான் சொல்லித்தந்தார்.

தங்குவதற்கு இப்போது இடமில்லையாம். இடம் வந்தவுடன் லோர்னாவுக்கு எடுப்பார்களாம். பனியில் என் காலடி கிடந்தது. திரும்பி வரும்போது பனி அள்ளும் சவளால் மூடினேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இவர் குமிழ்களைத் தானே பூட்டித் தந்தார். பால் பொங்கும்போது ஆரபியைத் தூக்கிக் காட்டினார். எனக்கு ஒரு நீலச் சேலை. அம்மாவுக்கும் ஒன்று, கொண்டுபோகச் சொல்லி.

"உம்மை விட்டிட்டு இருக்கிறது எனக்கும் கஷ்டம்தான் கஜானி" என்றார். கண் கலங்கியிருந்தது.

சேலை நல்ல சேலை. மச்சாள் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கலாம் என்று அரை மணித்தியாலம் நம்பினேன். அந்த நேரம் மிகவும் நன்றாக இருந்தது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

பிறகு கேட்டேன். "வாற ரிக்கற் எத்தினையாம் திகதி?"

"உமக்குச் சொன்னனான். மறந்திட்டீரோ?"

லோர்னாவின் வீட்டிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஆரபி நித்திரை. எந்த ஊர் என்று எழுத வேண்டாம் என்று இங்கே சொல்லியிருக்கிறார்கள்.

நேற்றுக் காலை லோர்னா பின்கதவுக்கு வந்து, இடம் இருக்கிறது, உடனே வா என்றார். பின்பக்கம் முழுக்க உறைந்து வழுக்கியது, பிள்ளையோடும் பையோடும் போக முடியாது. முன்கதவால்தான் வர வேண்டியிருந்தது. லோர்னாவின் கார் வாசலில் இயங்கிக்கொண்டு நின்றது.

கதவைச் சாத்தும்போது மணி பேசியது.

"கஜானி. எங்கை வெளிக்கிடுறீர்?"

கோபமே இல்லாத குரல். பக்கத்தில் யாரோ தட்டச்சுச் செய்யும் சத்தம்கூடக் கேட்டது. நான் நின்றுவிட்டேன்.

"அந்தப் பை என்ன? பிள்ளைக்குத் தொப்பி போடேல்லை. வெளியிலை மைனஸ் பதினெட்டு. இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லுறனான். உள்ளை போம். நான் வந்து கதைக்கிறன்."

ஆரபி மணியைப் பார்த்து "அப்பா" என்றாள். அவள் தலையில் உண்மையாகவே தொப்பி இல்லை. காது சிவந்துவிட்டது. இவர் சொன்னது சரி. எப்போதும் ஏதோ ஒன்று சரியாகத்தான் இருக்கும்.

நான் உள்ளே போனேன். லோர்னா காருக்குள்ளிருந்து என் பெயரைக் கூப்பிட்டது கேட்டது. நான் வரமாட்டேன் என்றுதான் நினைத்தாராம், பிறகு சொன்னார். அலுமாரியைத் திறந்து சிவப்புத் தொப்பியை எடுத்தேன். ஆரபிக்குப் போட்டு, நாடாவைக் கழுத்துக்குக் கீழே முடிந்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"அதுதான் நல்ல பிள்ளை. இப்ப கதவை…" என்று மணி சொல்லிக்கொண்டிருக்கும்போது காரில் ஏறினேன்.

ஒரு சிக்னலில் நிற்கும்போது லோர்னா, தான் வந்த முதல் வருஷம் தன் தங்கைக்கும் இப்படி ஒருவர் இருந்தார் என்றார். தங்கைக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

பெப்ரவரி 3, திங்கள்

இங்கே கண்ட டொக்டர் ஒரு பெண். அந்த மாத்திரை எனக்குத் தேவையில்லை என்றார். ஆனால் முதல் டொக்டர் எழுதியது எழுதினதுதான். நான் மனநோயாளி, பிள்ளையைக் கடத்திக்கொண்டு போய்விட்டேன் என்று இவர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். என் பக்கத்து வக்கீல் நல்லவர். நல்ல செய்தி ஒன்றும் அவரிடம் இல்லை. பல மாதம் எடுக்கும் என்றார். இப்போதைக்கு ஆரபி என்னோடு. சனிக்கிழமைகளில் இன்னொருவர் முன்னிலையில் தகப்பனைப் பார்க்க வேண்டும்.

மச்சாள் சாட்சி சொல்வாரா என்று வக்கீல் கேட்டார். எடுத்துக் கேட்டேன்.

"அவன் என்ரை தம்பி கஜானி. நானா வந்து சொல்லமாட்டன்" என்றார். வைக்கப் போகும்போது, "கூப்பிட்டுக் கேட்டால், நான் பொய் சொல்லமாட்டன்" என்றார்.

பெப்ரவரி 15, சனி

ஆரபி அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தாள். சாப்பிடவில்லை. சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டாள். நானும் கீழே போய்ப் பக்கத்தில் படுத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

அம்மாவுக்கு எடுத்தேன். இங்கே வந்த பிறகு இரண்டு தரம் எடுத்தபோதும், "அவரிட்டைத் திரும்பிப் போ பிள்ளை, வருத்தத்திலை என்னவோ செய்துபோட்டாய், அவர் மன்னிப்பார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டா. இன்று, வைக்காதேங்கோ அம்மா, நான் சொல்லி முடிக்குமட்டும் ஒன்றும் சொல்லாதேங்கோ என்றேன். அம்மாவும் நானும் மட்டும், நடுவில் ஒருவரும் இல்லாமல் முழுதாய்க் கதைப்பது நாலு வருஷத்தில் இதுதான் முதல் தரம் என்று அப்போதுதான் உறைத்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டரிடம் போக முதலே மருந்து குடிப்பதாக அவர் உங்களுக்குச் சொன்னார் என்றேன். ஒருவழி ரிக்கற்றைச் சொன்னேன். மச்சாள் வீட்டுக் கட்டிலைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் காகம் கத்தியது. அம்மா முற்றத்தில் நிற்கிறா போல.

"அவர் சொன்னதை நான் நம்பினனான்" என்றா கடைசியில். "கோயிலிலை நேர்த்தி வைச்சனான், உனக்குச் சுகம் வரவேணும் எண்டு. அது பொய்யெண்டால், நீ கதைக்க வந்த நேரமெல்லாம் நான் உனக்கு என்ன சொல்லியிருக்கிறன் பிள்ளை?"

"மருந்தைக் குடிக்கச் சொன்னீங்கள் அம்மா."

அம்மா அழுதா. அயலுக்குக் கேட்காமல் இருக்க வேண்டுமென்று வாயைச் சேலையால் மூடிக்கொண்டு அழுகிற அழுகை. அது எனக்குத் தெரியும்.

பரவாயில்லை அம்மா என்று சொல்ல வாய்வரை வந்தது. இத்தனை காலமும் எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. பரவாயில்லை என்று இன்னும் எனக்கு ஆகவில்லை.

ஆரபி வந்து மடியில் ஏறினாள். நான் போனை வைக்கவில்லை. அம்மாவும் வைக்கவில்லை.